அந்தப் பலகைய கவுத்து வச்சவருக்கு

அந்த வீடியோவ மூணு தடவ பாத்துட்டேன், தூக்கம் வரல. ஒரு வயசான அம்மா வீட்டுக்குள்ள போய் அவங்க முன்னோர் பேரு எழுதுன பலகைய எடுத்துக் கவுத்து வச்சுட்டு, கேமராவப் பாத்து சாட்சி சொல்றாரு நம்ம மிஷனரி. கீழ வரிசையா ஆமென். அந்தம்மா முகத்த ஒருத்தராவது பாத்தீங்களா?

செத்துப்போனவங்கள நெனைக்கிறதா, சாமியா கும்பிடறதா, அத அந்த வீட்டுல உக்காந்து கேட்டாத்தான் தெரியும். கேக்காம கை வைக்கக்கூடாது.

இத்தாலிய மிஷனரி மத்தேயோ ரிச்சி 1583ல சீனாவுக்குள்ள போனப்ப புத்த பிக்கு மாதிரிதான் உடுத்துனாரு, அங்க மதிப்பு கன்பூசிய அறிஞர்களுக்குத்தான்னு புரிஞ்சப்புறம் மாத்திக்கிட்டாரு. அவரும் தப்புல இருந்துதான் ஆரம்பிச்சாரு, ஆனா பாத்தாரு, படிச்சாரு, முன்னோருக்குச் செய்யற மரியாதைய மரியாதையாவே எடுத்துக்கிட்டாரு. அவர் செத்து நூறு வருஷம் கழிச்சு, 1715ல, போப் பதினோராம் கிளமெண்ட் அந்தச் சடங்கெல்லாம் கூடாதுன்னு மறுபடி கறாரா ஆணை போட, 1692ல கிறிஸ்தவத்துக்கு அனுமதி குடுத்த அதே சீனப் பேரரசர் காங்ஷி 1721ல பிரசங்கமே வேணாம்னுட்டாரு. வத்திக்கான் எறங்கி வந்தது 1939ல! இத்தனைக்கு அப்புறமும் அதே பலகையில கை வைக்கிறோம்.

நானும் ஒரு டீமோட வெளிநாடு போயிருக்கேன். ஒரு துக்க வீட்டுல அப்பா படத்து முன்னாடி பையன் ஊதுபத்தி வச்சிருந்தான். எங்க லீடர் அத அணைச்சாத்தான் ஜெபம் பண்ணுவேன்னாரு. வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு பையன் அணைச்சுட்டான். நான் பக்கத்துலதான் நின்னேன். வாய தெறக்கல. அந்தப் பையன் கை நடுங்குனது இன்னிக்கும் கண்ணுலயே நிக்குது.

'அப்ப மிஷனே வேணாங்கறியா'ன்னு வருவீங்க. நானும் விசுவாசிதாங்க, அதனாலதான் வலிக்குது. மிஷனரிங்க கட்டுன ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒத்துக்கறேன், ஆனா அது அடுத்தவங்க வீட்டுப் பொருளத் தொடறதுக்கு லைசென்ஸ் இல்ல. விக்கிரகத்த விட்டுவைக்கலாமான்னு வசனம் அனுப்பறவங்க பைபிள்ல அப்போஸ்தலர் 17 படிங்க. ஏதென்ஸ்ல விக்கிரகங்களப் பாத்து பவுலுக்கும் மனசு கொதிச்சுச்சு, ஆனா எதையும் ஒடைக்கல, அவங்க பலிபீடத்துல எழுதியிருந்தத வச்சுத்தான் பேச ஆரம்பிச்சாரு.

என்னைய அன்ஃப்ரெண்ட் பண்றவங்க பண்ணிக்கங்க. அந்த வீடியோவ மட்டும் எடுத்துருங்க. கேமரா இல்லாம அந்தம்மாகிட்ட திரும்பப் போய், அந்தப் பலகையில இருந்தது யாரு பேருன்னு கேளுங்க.