"நாலு டொலர்கூட வராதே" எண்டு இனி ஒருத்தரும் எனக்குச் சொல்லாதேங்கோ

போன வருச யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலயிருந்து பெரியம்மாவின்ர மகன் குடும்பத்தோட வந்து நிண்டவர். நல்லூர் கொடியேறினா எங்கட பக்கம் கனபேர் மீன்சட்டியைக் கவிட்டு வைச்சிடுவினம். 25 நாளும் மரக்கறிதான். எல்லாரும் ஒரேயடியா மரக்கறிக்கு ஓட, சந்தையில விலை என்ன பாடுபடும் எண்டு இஞ்ச இருக்கிறவைக்குத் தெரியும்.

எங்கட ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில முருங்கைக்காய்க் குவியலுக்கு முன்னால நிண்டனாங்கள். கிலோ 800 எண்டா ஆச்சி. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ ஆச்சி" எண்டு நான் வாய் திறக்க முதல் அண்ணா 1000 ரூபாத் தாளை நீட்டிப்போட்டார். "விடடா தம்பி, நாலு டொலர்கூட வராதே."

பக்கத்தில ஒரு அக்கா ரெண்டு காயைக் கையில எடுத்து, முத்தலோ எண்டு லேசா வளைச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டவ. காசு கை மாறினதைப் பார்த்தா. ஒண்டும் பறையேல்லை. அந்த ரெண்டு காயையும் முனை முறியாமல் குவியலில வைச்சிட்டு, வெறும் பையோட அங்கால போயிட்டா. அதுக்குப் பிறகு அந்த ஆச்சி ஏன் விலை குறைக்கப் போறா? ஆச்சியில நான் பிழை சொல்ல மாட்டன், அவவுக்கும் வீட்டில அடுப்பெரிய வேணும். அண்ணாவும் கெட்ட மனிசன் இல்லை. எனக்குப் பத்தி எரியிறது அந்தக் கணக்கிலதான்.

வெளிநாட்டிலயிருந்து வாற நீங்கள் டொலரால பிரிச்சுப் பார்த்திட்டு "ஊரில எல்லாம் மலிவு" எண்டுறியள். ஆருக்கு மலிவு? 2026 தை மாதத்திலயிருந்து இலங்கையில ஆகக் குறைஞ்ச நாட்சம்பளம் 1200 ரூபா. எட்டு மணித்தியாலம் வேலை எண்டா மணித்தியாலத்துக்கு 150. அந்தச் சம்பளக்காரன் ஒரு கிலோ முருங்கைக்காய்க்கு அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல முறிய வேணும். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். அங்க கால் மணித்தியாலத்துக்குள்ள அந்தக் காசு வந்திடும். அதே அஞ்சு மணித்தியாலம் சொச்சத்தை உங்கட சம்பளத்தில பெருக்கிப் பாருங்கோ, 90 டொலருக்கு மேல வருகுது. ஒரு கிலோ முருங்கைக்காய் 90 டொலர் எண்டா ரொறன்ரோவில ஒரு சனம் வாங்குமோ? எங்களுக்கு அதுதான் விலை.

வெளிநாட்டுச் செலவு எனக்கும் கொஞ்சம் தெரியும். 2024 இல அம்மாவின்ர கண் ஒப்பரேசனுக்காகச் சென்னைக்குப் போனனான். பலாலியில பிளேன் ஏறினா ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள இறங்கலாம். ஆஸ்பத்திரிக் காசும் லொட்ஜ் காசும் எங்களை உரிச்சதுதான், அது வேற கதை. அண்டாடச் செலவைத்தான் நான் சொல்லுறன். அங்கத்தைய ஒரு ரூபா எங்கட மூண்டரை ரூபா எண்டு, கடைக்குக் கடை நிண்டு மூண்டரையால பெருக்கிப் பெருக்கிப் பார்த்தனான். ஆவின் நீலப் பக்கற் பால் அரை லீற்றர் அங்கத்தைய காசுக்கு 20 ரூபா, எங்கட காசுக்கு 70. அப்ப ஒரு லீற்றர் 140. இஞ்ச 400 கிராம் பால்மாப் பக்கற் ஆயிரத்துக்கு மேல. கரைச்சா மூண்டு லீற்றர் மட்டில வரும். லீற்றருக்கு 350 எண்டு வைச்சாலும் ரெண்டரை மடங்கு! சாதாரண ரவுண் பஸ்ஸில பொம்பிளையளுக்கு ரிக்கற்றே இல்லை எண்டு கொண்டக்ரர் சொல்ல, அம்மா நம்பாமல் காசை நீட்டிக்கொண்டே இருந்தவ. பிறத்தி நாட்டில, காசு மாத்திச் செலவழிச்சும், தேத்தண்ணி எங்கட வீட்டை விட மலிவு. பிறந்த மண்ணில ஏன் இப்பிடி?

ஏனெண்டும் தெரியும். 2022 மாசியில அமெரிக்க டொலர் 200 ரூபா. டொலருக்கு இவ்வளவெண்டு பிடிச்சு வைச்சிருந்த ரூபாவைப் பங்குனியில மிதக்க விட்டினம், வைகாசிக்கிடையில 360 ஐத் தொட்டிட்டுது. அப்ப எனக்குச் சம்பளம் 45,000. ஒரு சதம் குறையேல்லை எண்டு முதலாளி சொன்னார். 225 டொலர் பெறுமதியா இருந்தது ரெண்டு மாசத்தில 125 ஆப் போனதை ஆர் கணக்குப் பார்த்தது? இப்ப 60,000 எடுக்கிறன். டொலர் 300 க்கு மேல. பழைய 225 ஐ இன்னும் தொடேல்லை. பால்மா, கோதுமை மா, பருப்பு, பெற்றோல் எல்லாம் கப்பலில வாறது, டொலர்க் கணக்கில வாறது. அதுக்கு மேல 2024 இலயிருந்து வற் வரி 18 வீதம். சாமான் டொலரில ஏறுது, சம்பளம் ரூபாவில கிடக்குது. உலக விலைக்கு வாங்கி ஊர்ச் சம்பளத்தில சீவிக்கிறம்.

அங்கத்தைய கஷ்டம் தெரியாமல் கதைக்கிறன் எண்டு நினைக்காதேங்கோ. ரொறன்ரோவில ஒரு அறை வீட்டுக்கு மாசம் 2000 டொலர் மட்டில வாடகை. அண்ணா பத்து வருசமா இரவு வேலை செய்யிறவர், ஸ்னோவுக்க பஸ்ஸுக்கு நிண்டு நாரி பிடிச்சவர். அவர் வாடகையைப் பற்றிச் சொல்லேக்க நான் அவரின்ர சம்பளத்தை வைச்சுத்தான் யோசிக்கிறன். ரூபாவுக்கு மாத்தி, "நாலரை லட்சத்தையோ வாடகைக்குக் குடுக்கிறியள், ராசாதான்" எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த மரியாதையைத்தான் நானும் கேக்கிறன். எங்கட விலையை எங்கட சம்பளத்தால பிரியுங்கோ.

சந்தை மட்டுமோ! திருவிழா முடிஞ்சு நீங்கள் பிளேன் ஏறினாப் பிறகு ஓட்டோக்காரர் பழைய காசுக்கு வரமாட்டன் எண்டுறார். கொக்குவிலில என்ர சிநேகிதன் இருந்த வாடகை வீட்டைத் திருவிழாவுக்கெண்டு எழுப்பி எடுத்தவை. நாட்கணக்கில விட்டா ஒரு மாசக் காசு ஒரு கிழமையில வருமாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் ரெண்டோட அவன் சாமானை லான்ட்மாஸ்ரர் ரக்ரரில ஏத்தினதை நிண்டு பார்த்தனான்.

போன கிழமை அண்ணா வட்ஸ்அப்பில எடுத்தவர். இந்த முறையும் வருகினமாம். "கோயிலுக்குக் கிட்ட ஒரு வீடு பார்த்து வை தம்பி, நாளுக்கு எவ்வளவெண்டாலும் பரவாயில்லை எண்டு சொல்லு." நான் சொல்லமாட்டன். எங்கட வீட்டு முன்னறையைத் துடைச்சு வைச்சிருக்கிறன், அண்ணா. அதில வந்து நில்லுங்கோ. சந்தைக்கு நான் தனியப் போறன்.