காற்றாடி அங்கிள் பேசுகிறேன்

முந்தாநாள் அந்தக் கம்ப்யூட்டர் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் போய்த் தேட வேண்டாம். என் கமெண்டை அட்மின் தூக்கிவிட்டார். கேலி செய்தவர்களின் கமெண்டுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. ரொம்ப நியாயம்.

கேள்வி கேட்ட தம்பி ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600 பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளை) வைத்திருக்கிறார். அதன்மேல் தகடுகளும் ஃபேனுமாக உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் ஏர் கூலரைக் கழற்றிவிட்டு வாட்டர் கூலிங்குக்கு மாறலாமா என்று கேட்டார். நான் எழுதியது ஒரே வரி: "தேவையில்லை தம்பி, நல்ல ஏர் கூலர் போதும்." இதற்குத்தான் அத்தனை ஹாஹா. "காற்றாடி அங்கிள்" என்று பட்டம். சரி, அங்கே பேச விடவில்லை, என் சுவரில் பேசிக்கொள்கிறேன்.

5600 என்பது 65 வாட் பிராசசர். செட்டிங்கில் கை வைக்காமல் விட்டால் முழு வேலை கொடுத்தாலும் 76 வாட்டோடு நின்றுகொள்ளும். இதைத் தணிக்க ஒரு பம்ப், இரண்டு குழாய், 240 மி.மீ. ரேடியேட்டர், அதன்மேல் இரண்டு ஃபேன். தேவையில்லை. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

தண்ணீர் என்றதும் மண்பானை மாதிரி ஜில்லென்று ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் வெளிக்காற்றைவிடக் குளிர்கிறது. ஏஐஓவில், அதாவது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும் ரெடிமேட் வாட்டர் கூலரில், தண்ணீர் ஆவியாக வழியே கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வந்து, பிராசசரின் சூட்டை ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது, அவ்வளவுதான். அந்த ரேடியேட்டரைக் குளிர வைப்பது எது? ஃபேன். எந்தக் காற்றால்? உங்கள் அறைக் காற்றால். மே மாதம் சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை 37 டிகிரி என்றால் உள்ளே ஓடும் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. எத்தனை ஆயிரம் கொட்டினாலும் இறங்காது. வெளியே வரும் சூடும் அதே அறைக்குள்தான் சுற்றும். ஆக, நீங்களும் காற்றாடிதான் சார்.

இன்னொன்று சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள். என் ஏர் கூலருக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அந்தச் செம்புக் குழாய்கள் வெறும் கம்பிகள் என்று நினைத்தீர்களா? உள்ளே கொஞ்சூண்டு தண்ணீரை விட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்திருப்பார்கள். கீழே சூடு பட்டதும் அது ஆவியாகி மேலே போகும். தகடுகள் பக்கம் போய்க் குளிர்ந்ததும் உள்சுவரின் நுண்துளைகள் வழியாகத் தானே திரும்பி வரும். பம்ப் கிடையாது. கெட்டுப்போக இருப்பது ஃபேன் ஒன்றுதான். அதுவும் போனால் வேறு ஃபேன் மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

"இன்டெல் ஐ9 14900கே வைத்திருப்பவன் என்ன செய்வான்?" என்று ஒருவர் வருவார், தெரியும். அது 253 வாட் வரை இழுக்கும். அவர் 360 மி.மீ. ரேடியேட்டரே போட்டுக்கொள்ளட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கேள்வி கேட்டது அவரில்லையே. பார்க்க அழகாக இருக்கிறது என்கிறீர்களா, இருக்கிறது. அழகுக்கு என்று சொல்லியே வாங்குங்கள், அறிவியலை இழுக்காதீர்கள்.

பிராசசர் சூடு 80 டிகிரி காட்டுகிறது என்று பதறுபவர்களுக்கு: 2022இல் ரைசன் 7000 வந்தபோது, கடும் வேலையில் 95 டிகிரி வரை போவது அதன் வடிவமைப்பிலேயே உள்ளதுதான் என்று ஏஎம்டியே சொன்னது. எண்ணைப் பார்த்து உங்களுக்குத்தான் காய்ச்சல் வருகிறது, பிராசசருக்கு இல்லை.

"பெரிய சூப்பர் கம்ப்யூட்டரெல்லாம் தண்ணீரில்தான் ஓடுகிறது" என்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். உண்மை. மியூனிக் பக்கத்தில் கார்ஷிங்கில் 2012இல் வந்த சூப்பர்மக், வெந்நீரிலேயே குளிர்ந்தது. வெளியே வந்த சூட்டை அங்கே கட்டடத்தைக் கதகதப்பாக்கப் பயன்படுத்தினார்கள். அது ஜெர்மனிக் குளிர். வேலூரில் இருந்துகொண்டு நீங்கள் அந்தச் சூட்டை வைத்து என்ன செய்வதாக உத்தேசம்?

"லீக் எல்லாம் பழைய கதை." இதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. 2004இல் ஆப்பிளே பவர் மேக் ஜி5இல் திரவக் குளிர்விப்பு வைத்தது, பின்னால் அதில் எத்தனை மெஷின்கள் ஒழுகின என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். அது பழசு என்றால், 2022இல் ஆர்க்டிக் நிறுவனம் லிக்விட் ஃப்ரீசர் 2 என்ற தன் ஏஐஓவில் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) பிரச்சினை என்று தானே ஒப்புக்கொண்டு, வாங்கியவர்களுக்கு மாற்று உதிரிகளை இலவசமாக அனுப்பியது. நல்ல கம்பெனி, ஒப்புக்கொண்டது. லட்சத்தில் ஒன்று ஒழுகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நேர் கீழே இருப்பது கிராபிக்ஸ் கார்டு.

நானும் ஒருமுறை மனசு மாறி ஏஐஓ வாங்க, சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனவன்தான். கடைக்காரர் பெட்டியைப் பிரித்தே காட்டிவிட்டார், எனக்கும் ஆசைதான். "ஒழுகி போர்டு போனால் யார் பொறுப்பு?" என்றேன். "அதெல்லாம் ஒழுகாது சார்." "சரி, அதை பில்லில் எழுதிக் கொடுங்கள்" என்றேன். பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துச் சிரித்தார். ஒழுகினால் ஈடு தருவதாகச் சில கம்பெனிகள் சொல்வது எனக்கும் தெரியும். அதை இங்கே வாங்கிக் காட்டியவர் இருந்தால் வந்து சொல்லட்டும். நான் ஒரு டீ குடித்துவிட்டு, இரட்டை டவர் ஏர் கூலர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. தூசி தட்டுவேன், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்டை எப்போதாவது மாற்றுவேன். வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

"வாங்க வசதியில்லாதவர் பேச்சு" என்று எழுதியவருக்கு நாற்பது லைக். இருக்கட்டும். எங்கள் வீட்டில் முதல் பென்டியம் 4 வந்த கோடையில், கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன்பக்கம் திருப்பி வைத்திருப்பேன். அப்பா பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே தூங்குவார், ஒருநாளும் ஃபேனைத் தன் பக்கம் திருப்பச் சொன்னதில்லை. அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு "அண்ணே டிஸ்ப்ளே வரல" என்று இன்பாக்ஸில் வருவார்கள். டிஸ்ப்ளே வந்ததும் அங்கிள் ஆகிவிடுகிறோம். தவணையில் ஏஐஓ வாங்கியவன் நிபுணன், தேவையில்லை என்று சொன்னவன் கஞ்சன்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஹாஹா போட்டவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தால் அதில் என் அக்கா மகன் பெயர். ரேம் (மெமரி) எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று நான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளை. அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதுமில்லை.

மாப்ளே, உன் மெசேஜைப் பார்த்தேன். "மாமா, பம்ப் கடகடன்னு சத்தம் போடுது, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறீங்களா" என்று கேட்டிருக்கிறாய். ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டியிருந்தால் அதன் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பார். பம்ப் உயரத்தில் இருந்தால் உள்ளேயுள்ள காற்று அங்கே போய்த் தங்கிவிடும், அந்தச் சத்தம்தான் அது. கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பார். அதற்கும் அடங்கவில்லை என்றால் குழுவில் கேள். அங்கே நிறைய நிபுணர்கள் இருக்கிறார்கள்.