கேபிளில் கோளாறு, கேள்வியோ வைஃபை பற்றி

கேபிள் வழியாக இணைத்த கணினியில்தான் சிக்கல் என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், இணைய நிறுவனத்தின் சேவை மையத்தில் எடுத்த எடுப்பில் வருவது "வைஃபை வருகிறதா சார்?" என்ற கேள்விதான். வருகிறது என்றால், அவர்களைப் பொறுத்தவரை புகார் அங்கேயே முடிந்தது. அதற்கும் மசியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, ரவுட்டரை அணைத்துப் போடும் சர்வரோக நிவாரணி.

300 எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டத்துக்கு மாதம் தவறாமல் பணம் கட்டுகிறோம். கேபிளில் வருவதோ 95-ஐத் தாண்டுவதில்லை. அந்த எண்ணே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ஈதர்நெட் கேபிளுக்குள் இருப்பவை 4 ஜோடிகளாக முறுக்கிய 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 2 ஜோடிகள் போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நான்கும் வேண்டும் என்பதால், கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) ஒரே ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். எங்கள் ரவுட்டரின் விளக்கு அப்போதும் மங்களகரமாக மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 100 என்று காட்டுவதைப் பார்க்கவோ, வேறு கேபிளையோ வேறு போர்ட்டையோ மாற்றிப் பார்க்கவோ சொல்வதற்கு அங்கே ஒருவருக்கும் வாய் வருவதில்லை.

நேரில் வந்த ஊழியரோ, கிளிப் உடைந்து தொளதொளவென்று ஆடிய பிளக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, "இப்போது வருகிறதே சார்" என்றார். விரலை எடுத்தால் போய்விடுகிறதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள், புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது.