‘எத்தனை தடவை போய்க் கையெழுத்துப் போடணும் சார்?’

நான் வக்கீல். ஜட்ஜ் கவுன்சிலிங்குக்கு அனுப்பினால் என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் “எனக்கென்ன பைத்தியமா?” என்று கோபப்படுவார்கள். மீதிப் பேர் தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்பார்கள். கண்டிஷன் பெயிலில் தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்த பழக்கம். எதிர்த்தரப்போ, “அவ்வளவுதானா, தண்டனை கிடையாதா?” என்று அவர்கள் வக்கீலிடம் சண்டைக்கு நிற்கும்.

அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, ஐ.டி.யில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்திலேயே பெயில். 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்ன நிபந்தனையை நாடே கிழித்துத் தொங்கவிட்டது. அதே உத்தரவில் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை, மனநல ஆலோசனை என்ற வரிகளும் இருந்தன. கட்டுரையோடு சேர்ந்து அவையும் கேலிக்குப் போயின. தண்டனைக்குப் பதிலாக நீட்டப்பட்டால் எந்தச் சிகிச்சையும் சலுகையாகத்தான் தெரியும். விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும், சிகிச்சை இன்னொரு பக்கம் நடக்கட்டும். இது ஏன் அதைத் தின்ன வேண்டும்? இன்னொன்று, சிறார் நீதிச் சட்டம் 2015இன் 18ஆம் பிரிவு பையனுக்கு மட்டுமல்ல, அவனுடைய அப்பா அம்மாவுக்கும் கவுன்சிலிங் கொடுக்கச் சொல்கிறது. எனக்கு அந்தப் பிரிவில் மிகவும் பிடித்த வரி அதுதான்.

“கட்டாயப்படுத்தி அனுப்பினால் மனசு மாறுமா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சரி, டீ-அடிக்‌ஷன் சென்டருக்கு யார்தான் தானாக ஆசைப்பட்டுப் போகிறார்கள்? மனைவி பெட்டியைத் தூக்கியிருப்பார், இல்லை வேலை போயிருக்கும், இல்லை லிவர் போயிருக்கும். யாரோ தள்ளித்தான் உள்ளே போகிறார்கள், இங்கே தள்ளுவது கோர்ட். போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவில், குற்றம் நிரூபணமான பிறகும் சிறைக்கு அனுப்பாமல், அந்த ஆளின் சம்மதத்தோடு அரசு அங்கீகரித்த மருத்துவமனைக்கு அனுப்பலாம். போதைக்கு அடிமையானவர்களில், உபயோகித்தவர்களுக்கும் சிறு அளவு வைத்திருந்தவர்களுக்குமான பிரிவு அது. கஞ்சா என்றால் சிறு அளவு ஒரு கிலோ வரை. 64A பிரிவில், தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்தே விலக்கு உண்டு, பாதியில் ஓடினால் விலக்கும் போய்விடும். இப்படி ஒரு வழி இருப்பதே நிறையக் குடும்பங்களுக்குத் தெரியாது.

அறைக்குள் என்னதான் நடக்கிறது? அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். குடும்ப வன்முறை வழக்கில் என் கட்சிக்காரர் ஒருவர், டூவீலர் மெக்கானிக். முதல் அமர்வில் வாயே திறக்கவில்லையாம். அப்புறம் ஒருநாள் நேராக என் ஆபீசுக்கு வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார்: “சார், அந்தம்மா ‘அடிக்கிறதுக்கு முன்னாடி உங்க கை என்ன பண்ணும்’னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா, வண்டிச் சாவியைத் தேடும் சார். அவதான் ஒளிச்சு வெச்சிருப்பா. அதைச் சொன்னதும், ‘சாவியை யார் ஒளிச்சாங்கன்னு நான் கேக்கலையே’ன்னு நிறுத்திட்டாங்க.”

அந்தக் கவுன்சிலர் அம்மா சாமர்த்தியத்தால் மட்டும் அப்படி நிறுத்தவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆவது விதி அது: கவுன்சிலிங்கில் அடித்ததற்கு நியாயம் சொல்ல இடமில்லை, அதை ஆரம்பிக்கும் முன்பே, அடித்ததாகப் புகார் உள்ளவருக்குத் தெரிவித்துவிட வேண்டும். எங்கள் தொழிலே நியாயம் சொல்வதுதான், அது செல்லாத ஓர் அறையைச் சட்டம் கட்டி வைத்திருக்கிறது. மெக்கானிக் திருந்திவிட்டாரா என்றால், தெரியாது. வழக்கு நடக்கிறது, மனைவி அம்மா வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் சாவி கிடைக்கவில்லை என்றால் இப்போது நடந்தே வெளியே போய்விடுவேன் என்கிறார். அவருடைய அடுத்த துணைக்கோ பிள்ளைக்கோ அது பெரிய விஷயம்.

அனுப்புகிற நீதிபதியே போன கதையும் நம் ஊரில் உண்டு. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரண்டு பெண்கள், தாங்கள் காதலிப்பதாகவும் பாதுகாப்பு வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பெற்றோர் லேசில் இறங்கி வரவில்லை. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். தனக்கும் இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே அந்த உளவியலாளரிடம் நேரம் வாங்கிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றுகிற’ முயற்சிகளுக்குத் தடை போட்டார். உளவியலாளரிடம் அனுப்பினாலே மாற்றத்தான் அனுப்புகிறார்கள் என்று பயந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பதில் இல்லை.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறதா? கிடையாது. பல இடங்களில் கவுன்சிலிங் என்ற பெயரில் நடப்பது பழைய பஞ்சாயத்து. “புள்ள முகத்துக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்பார்கள். அடிபட்டவளை அடித்தவன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “மனசு விட்டுப் பேசுங்க” என்றால் என்ன பேசுவாள்?

அதனால் அனுப்பப்பட்டவர்கள் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போகும் ரிப்போர்ட்டில் வந்தது போனது மட்டும் இருக்குமா, பேசியதும் இருக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கவுன்சிலர் எதிர்த்தரப்புக்குச் சொந்தக்காரர் என்றால் உடனே சொல்லுங்கள், விதிப்படி அவர் உட்காரக் கூடாது. சேர்ந்து உட்காரப் பயமாக இருந்தால், அதை எழுதிக் கோர்ட்டில் மெமோ போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் ‘தனியாகவோ சேர்ந்தோ’ என்றுதான் இருக்கிறது. உங்கள் வக்கீல் மறந்திருப்பார், ஞாபகப்படுத்துங்கள்.