பதினோரு கொழுந்தியா

(மும்பையை ஒட்டிய டோம்பிவிலி. ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணி. இன்று முதல் செல்விக்கு வீட்டிலிருந்தே வேலை. கணேசன் அடுப்படி வாசலில் மோப்பம் பிடித்தபடி நிற்கிறார்.)

கணேசன்: புளிச்சோறு வாசம் தூக்குதே! வீட்ல வேலை பார்க்கிற முதல் நாளே புருஷனுக்கு விருந்தா?

செல்வி: உங்களுக்கு உப்புமா. மூடி வச்சிருக்கேன்.

கணேசன்: அப்போ இந்தத் தூக்குச்சட்டி?

செல்வி: ட்ரெயினுக்கு.

கணேசன்: ஆபீஸ் வரவேண்டாம்னு உன் மேனேஜர் மெயில் போட்டாருல்ல?

செல்வி: ஆபீசுக்குத்தான் வரவேண்டாம்னாரு. 8.14 லோக்கலுக்கு வரவேண்டாம்னு சொல்ல அவரு யாரு? இன்னைக்கு எங்க லேடீஸ் பெட்டியில தினமும் கூட வர்ற உஜ்வலாவுக்கு டோஹாளே ஜேவண்.

கணேசன்: திட்டுறதுன்னா தமிழ்ல திட்டு.

செல்வி: வளைகாப்புங்க! ஏழாம் மாசம். தாணே தாண்டினதும் வளையல், குர்லா வர்றதுக்குள்ள சாப்பாடு. கைப்பிடியில எல்லாம் சாமந்திச் சரம் கட்டுறது ஹன்சா பென் பொறுப்பு.

கணேசன்: அந்தக் கூட்டத்துல மூச்சு விடவே இடம் கிடையாது. இதுல பந்தி வேறயா?

செல்வி: நிக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் ரெண்டு படி அரிசி போட்டேன்.

கணேசன்: ரெண்டு படியா! 1992ல சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் லேடீஸ் ஸ்பெஷல்னு முழு வண்டியே விட்டான் பாரு, அவன் தீர்க்கதரிசி. உங்க சத்தம் ஜென்ட்ஸ் பெட்டிக்குக் கேட்கக் கூடாதுன்னு விட்டிருப்பான்.

செல்வி: நீங்க வெள்ளிக்கிழமை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீங்களே கொத்தவரங்கா பொரியல், அதை நறுக்கினது யாரு? லதா தாயீ. திரும்பி வர்ற வண்டியிலேயே காட்கோபர்ல ஆரம்பிச்சு முலுண்ட்ல முடிச்சாங்க.

கணேசன்: அதான் சைஸ் ஒழுங்கா இருந்துச்சு. ஆமா, ஒருத்தி தாயீ, ஒருத்தி பென், ஒருத்தி சேச்சி. எல்லாம் என்ன உறவு?

செல்வி: எல்லாமே அக்காதான். மராத்தி, குஜராத்தி, மலையாளம். என்னை மட்டும் எல்லாரும் "அக்கா"ம்பாங்க, வயசுல மூத்த தாயீகூட. மதராசின்னா அவங்களுக்கு அக்காதான்.

கணேசன்: ஒத்தைப் பொண்ணு, கொழுந்தியா மச்சினன் தொல்லை கிடையாதுன்னு சொல்லித்தானே உங்கப்பா கட்டி வச்சாரு? இப்ப எண்ணிப் பாத்தா பதினோரு கொழுந்தியா! போன வாரம் ஸ்டேஷன்ல ஒரு அம்மா "பாவோஜி, சுகர் எப்படி இருக்கு?"ன்னு கத்துது. நான் பாவ் பாஜி விக்கிற ஆளுன்னு பக்கத்துல இருந்தவன் நினைச்சுட்டான்.

செல்வி: பாவோஜின்னா அக்கா புருஷன். மரியாதைங்க அது.

கணேசன்: என் சுகர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?

செல்வி: குறட்டையும் தெரியும்.

கணேசன்: அடிப்பாவி!

செல்வி: ஏங்க, 2005 ஜூலை 26 ஞாபகம் இருக்கா? சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. சயான் தாண்டி வண்டி நின்னுடுச்சு. இடுப்பளவு தண்ணி. யாரு பேரும் யாருக்கும் தெரியாது. துப்பட்டாவைத் துப்பட்டாவோட முடிஞ்சுகிட்டுத் தண்டவாளத்துலயே நடந்தோம். ராத்திரி பூரா ஹன்சா பென் வீட்ல பன்னெண்டு பேர். விடியற வரைக்கும் தேப்லா ரொட்டி போட்டுக்கிட்டே இருந்தாங்க.

கணேசன்: (குரல் இறங்கி) அன்னைக்கு நான்...

செல்வி: ஆபீஸ் மேஜை மேல தூங்கினீங்க. குறட்டை பத்தி வாட்ச்மேன் சொன்னாரு.

கணேசன்: சரி, அது பழைய கதை. இன்னைக்கு ஒருநாள் போ. நாளைக்கு?

செல்வி: ஆபீஸ்ல இருபது வருஷத்துல எனக்கு ரெண்டு ப்ரமோஷன். பெட்டியில மூணு. முதல்ல வாசல்கிட்ட நின்னேன். அப்புறம் மூணு பேர் சீட்டுல நாலாவதா பாதி உடம்பை ஒட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். இப்ப ஜன்னல். ஒரு வாரம் போகலேன்னா ஜன்னல் போயிடும்.

கணேசன்: நவராத்திரிக்கு நாளுக்கு ஒண்ணா ஒன்பது கலர் சேலை கட்டிட்டுப் போறதும் உண்டா?

செல்வி: பின்ன? வீட்ல உட்கார்ந்து உங்களுக்காகவா கட்டப்போறேன்?

கணேசன்: பத்து மணிக்கு லாகின் பண்ணணும்னியே?

செல்வி: தாதர்ல இறங்கி எதிர் வண்டி பிடிச்சுடுவேன். அந்தப் பக்கம் காலியா வரும். பத்தேகாலுக்கு வீட்ல இருப்பேன்.

கணேசன்: நடுவுல கால் மணி நேரம்?

செல்வி: அதான் லாப்டாப்பைத் திறந்து வச்சிருக்கேன். பத்து மணிலேர்ந்து மௌஸை லேசா ஆட்டிக்கிட்டே இருங்க. பச்சை விளக்கு அணையக் கூடாது.

கணேசன்: நானா? ஏன், பதினோரு தங்கச்சியில ஒருத்தியை வரச் சொல்லேன்.

செல்வி: (தூக்குச்சட்டியோடு படி இறங்கியபடி) அவங்கல்லாம் ட்ரெயின்ல இருப்பாங்கல்ல!