மூடாதே, இன்னும் வேலை முடியலை!

நிரல் எழுதுற எடிட்டர்ல, மவுஸ் ஓரத்துக்கு வந்தா எட்டிப் பார்த்து, விலகினா தானா மறையுற ஃபைல் பட்டியல் பேனலைத்தான் சொல்றேன். மறுபடியும் மூடிக்கிச்சு. ரைட் கிளிக் பண்ணி, மெனு வந்து, 'ரீநேம்' மேல கர்சர் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கவாட்டுப் பேனல் ஓரத்துக்குள்ள போயிடுச்சு. மெனுவையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. ஒரு ஃபைலுக்குப் பேர் மாத்த எத்தனை தடவைங்க?

ஃபைலை இழுத்துப் போடுறது இதைவிடக் கொடுமை. நாலு மொழியிலயும் வரவேண்டிய செயலின்னு வைங்க. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ், மொழிக்கு ஒரு ஜேசன் ஃபைல், அந்தந்த மொழி வாசகங்களை வச்சிருக்கிறது. தமிழ் ஃபைலை வேற ஃபோல்டருக்கு மாத்தணும், அவ்வளவுதான் வேலை. மவுஸை இடது ஓரத்துக்குக் கொண்டு போகணும். பேனல் நிரல் மேலேயே வந்து விழும்; 240 பிக்சல் அகலம்னா வரிக்கு முப்பது எழுத்து கண்ணுக்கு மறைஞ்சாச்சு. மூணு அடுக்கு ஃபோல்டரைத் திறந்து, ஃபைலைப் பிடிச்சு இழுக்கணும். போய்ச் சேரவேண்டிய ஃபோல்டர் பட்டியலோட அடியில இருக்கு. அது மேல வர்ற வரைக்கும் பட்டனை விடாம பேனலோட கீழ் விளிம்புல காத்திருக்கணும். அங்க கை ரெண்டே பிக்சல் வலது பக்கம் நகர்ந்தா போச்சு. பேனல் மூடிடும். பட்டன் இன்னும் அழுத்தினபடிதான் இருக்கு, ஃபைல் அந்தரத்துல தொங்குது, போடுறதுக்கு இடமே இல்லை. விரலை எடுத்தா எடிட்டர்ல விழுந்து திறந்துக்கும். திரும்ப ஓரத்துக்குப் போய்ப் பேனலை வரவழைச்சா, இப்போ திறந்த ஃபைல் இருக்கிற இடத்துக்குப் பட்டியல் தாவி நிக்கும். மறுபடி முதல்லேருந்து!

இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை, அதுதான் ஆத்திரமே. கர்சர் பேனலோட எல்லையைத் தாண்டினதும் 'மவுஸ்லீவ்' நிகழ்வு வருது. அது வந்த நொடியே மூடச் சொல்லி எழுதி வச்சிருக்காங்க. ரைட் கிளிக் மெனு பேனலுக்குள்ள வரையப்படுறதில்லை, அது மேல தனியா மிதக்குது. மெனுவுக்கு ஃபோகஸ் (தட்டுறதை வாங்கிக்கிற உரிமை) போனதும் பேனலுக்கு 'ஃபோகஸ்அவுட்' வரும். "போனது யாருகிட்ட? என்னோட மெனுகிட்டத்தானே?"ன்னு நிரல்ல ஒரு 'இஃப்' நிபந்தனை போட்டுப் பார்த்திருந்தா போதும். மெனு திறந்திருந்தா மூடாதே. மவுஸ் பட்டன் அழுத்தியிருந்தா மூடாதே. பெட்டியில பேர் பாதி தட்டியிருந்தா மூடாதே. இது எதுவும் இல்லைன்னாலும் ஒரு அரை நொடி பொறு. விண்டோஸ்ல துணைமெனு திறக்கவே 400 மில்லிநொடி தாமதம் வச்சிருக்காங்க, மனுஷன் கை நேர்கோட்டுல போகாதுன்னு தெரிஞ்சுதான்.

இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்த முடியணும்னு 2018-ல வந்த டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டியில 1.4.13-ன்னு இதுக்கு ஒரு விதியே இருக்கு. கர்சர் வச்சதும் தோன்றுற எதுவும், கர்சர் அதுமேல நகரும்போது மறையக்கூடாது. மவுஸை அசைக்காமலே அதை மூட வழி இருக்கணும். இணையப் பக்கங்களுக்கான விதிதான். ஆனா எலக்ட்ரான்ல, அதாவது இணையத் தொழில்நுட்பத்தை வச்சுச் செயலி கட்டுற கருவியில, கட்டின எடிட்டர் உள்ளுக்குள்ள இணையப் பக்கம்தானே? நம்ம புளோக் மின்தூக்கிக் கதவு கூட நடுவுல கை வந்தா திறந்து வழிவிடுது.

ரெண்டு மானிட்டர் இருந்தா இன்னும் மோசம். இடது பக்கம் மடிக்கணினி, வலது பக்கம் பெரிய திரை, அதுல எடிட்டர். இப்போ எடிட்டரோட இடது ஓரம் கர்சர் போய் முட்டி நிக்கிற சுவர் இல்லை, ரெண்டு திரைக்கும் நடுவுல இருக்கிற வழி. சாட் பார்க்கப் போனாலும் பேனல் எட்டிப் பார்க்கும், திரும்பி வந்தாலும் எட்டிப் பார்க்கும்.

அவங்க திருத்துற வரைக்கும் தானா மறையுற வசதியை அணைச்சுடுங்க. விஷுவல் ஸ்டுடியோவுல பேனல் தலைப்புல இருக்கிற குண்டூசியைக் குத்திடுங்க. ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்கள்ல பேனலோட 'வியூ மோட்' 'டாக் அன்பின்ட்'னு இருந்தா 'டாக் பின்ட்' ஆக்குங்க, அப்புறம் ஆல்ட்+1 அழுத்தினா வரும், போகும். விஎஸ் கோடுல கன்ட்ரோல்+B. கூடவே 'மூவ் பிரைமரி சைட் பார் ரைட்' கொடுத்துப் பேனலை வலது பக்கம் தள்ளிடுங்க. திறந்தாலும் மூடினாலும் நிரல் இடது ஓரத்துலயே அசையாம நிக்கும், கண்ணு வரியைத் தேட வேண்டியதில்லை. இந்த ஒரு மாற்றத்தை எல்லாரும் பண்ணியே ஆகணும்னு சொல்வேன்.

இத்தனையும் பண்ணி அந்தத் தமிழ் ஃபைலைத் திறந்தா அங்க இன்னொண்ணு. 'தமிழ்'ங்கிறது மூணு எழுத்து. பல எடிட்டர்ல அதைத் தட்டிட்டுக் கீழ்ப்பட்டையில பாருங்க, 'Col 6'னு நிக்கும், அதாவது அஞ்சு எழுத்து தாண்டி ஆறாவது இடம். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தா எண்ணி வச்சிருக்கு. மூணு எழுத்துங்க. மூணு!