கிண்டிலில் படிப்பவர்களும் வாசகர்கள்தான், ஐயா

ஞாயிற்றுக்கிழமை நடந்த இலக்கியக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளித் துணுக்கை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. ‘தகட்டைத் தடவிக்கொண்டு இலக்கியம் பேச வந்துவிடுகிறார்கள்’ என்று மேடையில் பேசிய அந்த மூத்தவர் சொன்னதும், அரங்கம் சிரித்ததும், மூன்றாம் வரிசையில் கிண்டிலோடு (அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி; அவர் சொன்ன ‘தகடு’ அதுதான்) உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை நோக்கி அவர் கை நீட்டியதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்மணி நான்தான். துணுக்கில் என் பின்மண்டை மட்டும் தெரிவதால் பலருக்கு அடையாளம் பிடிபடவில்லை.

சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. இருக்கட்டும். அரங்கத்தோடு சேர்ந்து சிரித்துவிடுவது மனித இயல்பு. எனக்கு எரிச்சல் மூட்டியது அன்றிரவு அதன் கீழே வந்து குவிந்த பின்னூட்டங்கள். கருவியில் படிப்பது வாசிப்பே அல்லவாம். பகட்டாம். காகிதத்தின் அருமை தெரியாத தலைமுறையாம். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. வார இதழ்த் தொடர்கதைகளைக் கத்தரித்து, வரிசைப்படுத்தி, தைத்து பைண்டு செய்து வைத்த வீட்டில் வளர்ந்தவள். காகிதத்தின் அருமையை எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. எதில் படிக்கிறேன் என்பதைப் பார்த்து, நான் வாசகியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எந்த மேடைக்கும் கிடையாது.

இந்தக் கருவியை நான் எனக்காக வாங்கவில்லை. அம்மாவுக்காக வாங்கினேன். அம்மாவுக்கு மூட்டுவாதம் விரல்களில்தான் முதலில் வந்தது. தலையணை கனத்தில் இருக்கும் நாவலை விரித்துப் பிடிக்க முடியாது. மடியில் வைத்தால் எழுத்து தெரியாது. கண்ணருகே தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். ஒருநாள் ‘படித்தவரைக்கும் போதும்’ என்று சொல்லிவிட்டு தொலைக்காட்சித் தொடர்களின் பக்கம் போய்விட்டார். வயதானால் பற்றுக் குறைவது சகஜம்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். 2016 இறுதியில் கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கிய பிறகு, என் தம்பி சொல்லி, அரைமனதோடு ஒன்று வாங்கினேன். எழுத்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனோம். ஒரு வரிக்கு நான்கைந்து சொற்கள் மட்டும் நிற்கும் அளவில் அம்மா ‘நிறுத்து’ என்றார். அன்றைக்கு இரவு உணவுக்கு அவரை மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

போதும் என்று அவர் சொன்னது மனத்தால் அல்ல, மணிக்கட்டால். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ‘தகடு’ தேவைப்பட்டது.

இப்போது எண்பத்தொரு வயதில், காலையில் காப்பி குடித்துக்கொண்டே ‘அறுபத்திரண்டு சதவீதம் முடித்துவிட்டேன்’ என்று திரையின் அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்து அறிவிக்கிறார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை தோற்றுவிடும். அவர் படிக்கும் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கி, தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் சேர்த்த சொத்து அது. பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர்களை அம்மா அவ்வப்போது வாழ்த்துகிறார். அவர்கள் எல்லாரும் தகட்டைத் தடவியவர்கள்தான்.

உணர்ச்சிவசப்படுகிறேன், அம்மாவை வைத்து அனுதாபம் தேடுகிறேன் என்று யாராவது சொல்வீர்கள். சரி, சட்டமாகவே பேசுவோம். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக 2013இல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பார்வையற்றவர்களை மட்டும் அது சொல்லவில்லை. உடல் குறைபாட்டால் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களையும் சேர்த்துச் சொல்கிறது. அதை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014இல். பிடிக்க முடியாத கை என்று ஒன்று உண்டு என்பது நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது. நம் இலக்கிய அரங்கங்களுக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சரி, உங்களுக்கு என்ன வந்தது என்று அடுத்த கேள்வி. எனக்கு வந்ததையும் சொல்கிறேன். தாம்பரம் – கடற்கரை ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறிப் பாருங்கள். ஒரு கை மேலே கைப்பிடியில் இருக்கும். மீதமிருக்கும் ஒரு கையால் அறுநூறு பக்க நூலின் பக்கத்தைப் புரட்டிக் காட்டுங்கள், நான் இந்தப் பதிவையே அழித்துவிடுகிறேன். இருநூறு கிராமுக்கும் குறைவான ஒன்றை ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் தட்டினால் பக்கம் மாறும். என் அலுவலக வாழ்க்கையில் நான் படித்த பெரிய நாவல்களில் பாதி பரங்கிமலைக்கும் எழும்பூருக்கும் நடுவில் படித்தவை.

யாரும் பேசாத இன்னொன்றும் உண்டு. கருவிக்கு அட்டைப்படம் இல்லை. என்ன படிக்கிறேன், எவ்வளவு தடிமனான நூல், எத்தனை நாளாக அதே நூல் என்று எதுவும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. புகுந்த வீட்டில் புத்தகம் விரித்து உட்கார்ந்த பெண்களுக்கு இதன் அருமை தெரியும். ‘இன்னுமா அதையே படிக்கிறாய்’, ‘இப்படிப்பட்டதையெல்லாமா படிப்பாய்’, ‘எவ்வளவு விலை’ என்ற மூன்று கேள்விகளிலிருந்தும் ஒரே நாளில் விடுதலை. இரவு பதினொரு மணிக்கு, பக்கத்தில் தூங்குகிறவருக்காக விளக்கை அணைத்துவிட்டுப் படிக்கலாம். என் கணவர் நல்லவர்தான், ஆனால் வெளிச்சம் இருந்தால் தூக்கம் வராது. திருமணமான முதல் இருபது ஆண்டுகள் நான் அடுப்படி விளக்கில், நின்றபடி படித்தவள். மேடையில் இருந்தவருக்கு அவர் வீட்டில் தனியாக ஒரு வாசிப்பு அறை இருப்பதை அவருடைய பேட்டிகளில் பார்த்திருக்கிறேன். நல்ல அறை. நல்ல வெளிச்சம்.

கைபேசியில் படிக்கக் கூடாதா என்கிறீர்கள். கைபேசியில் நான்காவது பத்தியில் எரிவாயு உருளை பதிவுச் செய்தி வரும்; ஐந்தாவதில் குடும்பக் குழுவில் காலை வணக்கப் பூ வரும். இந்தக் கருவியில் எதுவும் வராது. அதன் பெருமையே அதன் மந்தபுத்திதான்.

அடுத்து, காகித வாசனை. இதை எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்! பழைய புத்தகத்தில் நீங்கள் முகர்ந்து உருகுகிறீர்களே, அது காகிதத்தின் செல்லுலோசும் லிக்னினும் மெல்லச் சிதையும்போது வெளியாகும் வாசனை. அழிவை முகர்ந்துதான் மகிழ்கிறீர்கள். மகிழுங்கள், தடுக்கவில்லை. எனக்கு அதே அலமாரியைத் திறந்தால் தும்மல் நிற்காது. இராமபாணப் பூச்சி, தூசி, சென்னையின் ஈரக்காற்று மூன்றும் சேர்ந்த காற்றை இழுத்துவிட்டு இரண்டு நாள் மூக்கடைப்போடு கிடந்தால் இலக்கிய அனுபவம் கூடும் என்று எந்தச் சங்கப்புலவரும் சொல்லவில்லை.

கண் கெட்டுவிடும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. இது கைபேசித் திரை அல்ல. இதிலிருக்கும் மின்மைத் (இ-இங்க்) திரையில் நுண்ணிய உறைகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கின்றன. மின்னூட்டம் கொடுத்தால் இடம் மாறி எழுத்தாக நிற்கின்றன. பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் வேண்டும். விளக்கும் பின்னாலிருந்து கண்ணை நோக்கி அடிக்காது. ஓரங்களிலிருந்து திரையின் மேல் படரும். மெரினாவில் உச்சி வெயிலில் அச்சுத்தாளைப் போலவே படிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கைபேசிகள் எல்லாம் அணைந்த வீட்டில் விழித்துக்கொண்டிருந்தது அம்மாவின் கிண்டில் மட்டும்.

மனத்தில் நிற்காது, ஆய்வுகள் சொல்கின்றன என்று ஒரு பேராசிரியர் இணைப்புக் கொடுத்திருந்தார். படித்தேன், கருவியில்தான். ஐம்பத்து நான்கு ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை அது. தகவல் நூல்களிலும், நேரம் குறித்துப் படிக்கும்போதும் காகிதம் முன்னால் நிற்கிறது. கதை மட்டும் படிக்கும்போது அந்த வேறுபாடு இல்லை என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பத்தி மட்டும் அவர் கண்ணில் படவில்லை. காகிதத்தில் அச்செடுத்துப் படித்திருக்கலாம்.

இப்போது அலமாரிக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

காணொளியில் பேசும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் கூரை வரை புத்தகம் தெரிகிறதே, அது ஒரு பெரிய சொத்து. புத்தகங்களைச் சொல்லவில்லை, சுவரைச் சொல்கிறேன். இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஆணி அடிக்க வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போது வாடகை ஏறும், அல்லது உரிமையாளரின் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்துவிடுவான். வீடு மாற்றும்போது சாமான் ஏற்றுகிறவர்கள் முதலில் முகம் சுளிப்பது புத்தகப் பெட்டிகளைப் பார்த்துத்தான். மாடிப்படி இருந்தால் பெட்டிக்குத் தனிக் கூலி. ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் எந்தப் புத்தகத்தைக் கைவிடுவது என்று தரையில் உட்கார்ந்து பிரித்திருக்கிறீர்களா? நான் பிரித்திருக்கிறேன். எடைக்குப் போட்டிருக்கிறேன். எடைக்காரர் தராசில் வைக்கும்போது வேறு பக்கம் பார்த்திருக்கிறேன்.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தோம். கீழ்த் தட்டு இரண்டும் தண்ணீருக்குள். வழவழப்புத் தாள் நூல்கள் செங்கல்லாக இறுகிவிட்டன. மற்றவை ஊதிப் பிளந்தன. அந்தக் கீழ்த் தட்டில்தான் அம்மா பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. ஓவியங்களோடு, விளம்பரங்களோடு, ஓரத்தில் அப்பா எழுதிய பால் கணக்கோடு. அவற்றுக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. அதை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டுமா? வெயிலில் விரித்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தவளிடம் வந்து காகிதத்தின் அருமை என்கிறீர்கள்.

ஆகவே ‘உண்மையான வாசகன் புத்தகத்தைச் சேர்த்து வைப்பான்’ என்று மேடையில் சொன்ன வரி என் காதில் வேறு மாதிரிதான் விழுகிறது. உண்மையான வாசகனுக்குச் சொந்த வீடு இருக்கும், வெள்ளம் வராத தெருவில் இருக்கும், தூசி தட்ட வேறு ஆள் இருக்கும்.

நிறுவனத்தின் பிடியில் இருக்கிறோம் என்ற வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். 2009இல் அமேசான், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை அழித்தது, அரசே பழைய பதிவுகளை அழித்துத் திருத்தும் கதை அது. அழிப்பதற்கு வேறு நூலே கிடைக்கவில்லை போலிருக்கிறது. 2025இல், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வழியையும் மூடிவிட்டது. கோபம் எனக்கும் உண்டு. அதற்காக அம்மாவின் கையில் மறுபடியும் ஒன்றரைக் கிலோவை வைக்கப் போவதில்லை. மேலே செல்வோம்.

மின்னூல் வாங்கிப் பதிப்பாளர்களைக் கொல்கிறேன் என்ற குற்றச்சாட்டுதான் அதிகமாக வலித்தது. முன்மாதிரிப் பகுதியை இலவசமாகப் படித்துப் பார்த்து, பிடித்தால் வாங்குகிறேன். மிகவும் பிடித்தால் ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சிக்குப் போய் அச்சு நூலையும் வாங்குகிறேன், பரிசளிக்க. ஒரே எழுத்தாளருக்கு இரண்டு முறை பணம். என்னைத் திட்டியவர்களில் ஒருவர் நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் புதிய நூல்களின் திருட்டு வருடல் (ஸ்கேன்) கோப்புகள் வாரந்தோறும் பகிரப்படுகின்றன. அவர் காகிதப் பிரியர். கைபேசியில் அதைப் பார்ப்பது மட்டும் தகட்டைத் தடவுவதில் சேராது போல.

கொல்வதைப் பற்றிப் பேசுகிற பதிப்பாளர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நான் தேடும் தமிழ் நூல்களில் பல ஏன் இன்னும் மின்னூலாக இல்லை? இருப்பவற்றிலும் சில வெறும் பக்கப் படங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் திரையை விட்டு ஓடுகிறது. அம்மா போன்றவர்கள் காசோடு காத்திருக்கிறார்கள், வாங்க வழியில்லை. இதற்கு ஒரு கூட்டம் போடுங்கள். முன் வரிசையில் வந்து உட்காருகிறேன், வேண்டுமானால் கை நீட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கருவி வாங்கலாம் என்று உள்பெட்டியில் கேட்டிருப்பவர்களுக்கு: பெரியவர்களுக்கு என்றால் ஆறு அங்குலத்தைவிடச் சற்றுப் பெரிய திரை நல்லது, எழுத்தைப் பெரிதாக்கினால் அடிக்கடி பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். திரையில் விளக்கு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் நாளே எழுத்தின் அளவை நீங்கள் முடிவு செய்யாமல் அவர்களையே ‘நிறுத்து’ என்று சொல்ல விடுங்கள். கீழே விவாதிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம். ‘அந்தப் பக்கம் புரட்டும் சுகம்’ என்று தொடங்கும் பின்னூட்டங்களுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்.